காட்சியும் கண்ணியமும்

நுழையும்முன்

கையடக்கக் கருவியொன்று ஒவ்வொருவரையும் ஒளிப்பதிவாளராக்கியுள்ள காலம் இது. விழாக்களைப் போலவே விபத்துகளும் பதிவாகின்றன. ஓர் உயிர் பிரியும் நேரத்தைக் காட்டும் பதிவைக் காத்துவைப்பதா, அழித்துவிடுவதா? விண்வெளி வரலாற்றில் நிகழ்ந்த ஒரு பெருந்துயரின் வழியாக இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

மூவகைப் பதிவுகள்

1986ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள், அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து சேலஞ்சர் விண்ணோடம் ஏழு பேருடன் புறப்பட்டது. அவர்களுள் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் பள்ளி ஆசிரியர். விண்வெளியிலிருந்து பாடம் நடத்தவிருந்த அவரைக் காணும் ஆவலுடன் மாணவர் பலர் வகுப்பறைத் தொலைக்காட்சிகளின்முன் அமர்ந்திருந்தனர். புறப்பட்ட 73ஆம் நொடியில் விண்ணோடம் சிதைந்தது. எழுவரும் உயிரிழந்தனர்.

அந்நிகழ்வு மூவகைப் பதிவுகளை விட்டுச்சென்றது. ஏவுதளத்தைச் சுற்றி அமைக்கப்பட்டிருந்த ஒளிப்படக்கருவிகளின் காட்சிகள் ஒருவகை. பார்வையாளர் பகுதியில் நின்ற உறவினர்களின் முகங்களைக் காட்டும் காட்சிகள் மற்றொருவகை. விண்ணோடத்தினுள் பதிவான குரல்நாடா மூன்றாம்வகை. ஒரே விபத்தில் பிறந்தவையாயினும், இம்மூன்றையும் ஒரே அளவுகோலால் அளத்தல் இயலாது.

புகை உரைத்த உண்மை

விபத்தின் காரணத்தைக் கண்டறிய வில்லியம் ரோஜர்ஸ் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. ஏவுதளக் காட்சிகளை நுணுகி நோக்கியபோது, புறப்பட்ட ஒரு நொடிக்குள்ளாகவே வலப்புற உந்துகலத்தின் இணைப்பிலிருந்து கரும்புகை வெளிப்பட்டமை தெரியவந்தது. ஏறத்தாழ 59ஆம் நொடியில் அவ்வுந்துகலத்தில் தீச்சுடரும் தோன்றியிருந்தது. இணைப்பை அடைத்திருந்த ரப்பர் வளையம், அன்றைய கடுங்குளிரில் நெகிழ்ச்சியை இழந்து, வெப்ப வாயுவைத் தடுக்கத் தவறியதே விபத்துக்குக் காரணம். குளிரின் ஆபத்தைப் பற்றிப் பொறியாளர்கள் முந்தைய நாள் இரவே எச்சரித்ததும், அவ்வெச்சரிக்கை ஏற்கப்படாமற் போனதும் விசாரணையில் வெளிவந்தன. இணைப்பு மாற்றி வடிவமைக்கப்பட்ட பின்னரே, 1988 செப்டம்பர் 29 அன்று டிஸ்கவரி விண்ணோடம் புறப்பட்டது.

காண்போர் மனம் வருந்துமே என்றெண்ணி அக்காட்சிகளை அழித்திருந்தால், உண்மையை நிறுவிய முதன்மைச் சான்றுகளுள் ஒன்று மறைந்திருக்கும். எச்சரிக்கையைப் புறந்தள்ளியோருக்கு அது வசதியாகவும் அமைந்திருக்கும். எல்லாவற்றையும் அழித்துவிடுதல் இரக்கம்போலத் தோன்றினும், அது சிலவேளைகளில் குற்றத்திற்குத் திரையாகிவிடும்.

குரலும் முகமும்

கடலின் அடியிலிருந்து மீட்கப்பட்ட குரல்நாடாவின் நிலை வேறு. நாசா நிறுவனம் அதன் எழுத்துவடிவத்தை வெளியிட்டது. நாடாவை வெளியிட மறுத்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், தகவல் பெறும் உரிமையின் அடிப்படையில் வழக்குத் தொடுத்தது. மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் நிறுவனம் மக்களிடமிருந்து எதையும் மறைத்தல் ஆகாது என்னும் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும், நிகழ்ந்ததை அறிய எழுத்துவடிவம் உதவும். குரலையே ஒலிபரப்புவது குடும்பத்தினரின் துயரைப் புதுப்பிக்கும். 1991இல் நீதிமன்றம் குடும்பத்தினரின் தனியுரிமையை உயர்வாகக் கருதி, நாடாவை வெளியிட வேண்டியதில்லை எனத் தீர்ப்பளித்தது.

மகள் சென்ற விண்ணோடத்தை அண்ணாந்து நோக்கிய பெற்றோரின் முகங்களோ நாடெங்கும் ஒளிபரப்பாயின. விபத்தின் காரணத்தைப் பற்றி அம்முகங்கள் எதையும் உணர்த்தவில்லை. இழப்பின் ஆழத்தை உலகுக்கு உணர்த்தினவே எனச் சிலர் கூறலாம். உண்மையே. ஆயினும் அத்துயரம் அவர்களுடையது. அதைப் பிறர்க்குக் காட்டுவதா என முடிவு செய்யும் உரிமையும் அவர்களுடையதே.

காப்பவரின் பொறுப்பு

விமானிகள் அறையின் குரல்பதிவுகளை விபத்து விசாரணை அமைப்பு பொதுவெளியில் வெளியிடுவதை அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது. தொடர்புடைய உரையாடலின் எழுத்துவடிவமே வெளியிடப்படும். பதிவைக் காத்தல் வேறு, பரப்புதல் வேறு என்னும் தெளிவு இதில் உள்ளது.

பதிவெடுக்கும் அலுவலர்களும் வரம்பு மீறுவதுண்டு. 2020இல் கலிபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உள்ளிட்ட ஒன்பது பேர் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தனர். அலுவலர்கள் சிலர் இறந்தோரின் படங்களைத் தம் செல்பேசிகளில் எடுத்துப் பகிர்ந்தனர். மீட்புப் பணியாளர்கள் அலுவல் நோக்கமின்றி இத்தகைய படங்களை எடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் அவ்வாண்டே அங்கு இயற்றப்பட்டது.

ஆகவே, 'காப்பதா, அழிப்பதா' என்று மட்டும் வினவுதல் போதாது. யார் காப்பது, எந்நோக்கத்திற்காகக் காப்பது, யார் காண்பது என்றும் வினவுதல் வேண்டும். உண்மையை நிறுவும் பதிவு உரியவரிடம் காக்கப்படட்டும். வேடிக்கைக்கென எடுத்த படியும் பகிர்ந்த படியும் அழிக்கப்படட்டும்.

நம் கையில்

சாலையோரம் ஒருவர் அடிபட்டுக் கிடக்கையில், செல்பேசி முதலில் 108ஐ அழைப்பதற்கே பயன்படவேண்டும். தற்செயலாகப் பதிவான காட்சி இருப்பின் அதைக் காவல்துறையிடம் ஒப்படைத்தல் கடமை. குழுக்களில் பகிர்தல் கொடுமை. தன் மகனின் இறப்பை ஒரு தாய் முதன்முதலில் திரையில் கண்டறியும் நிலைக்கு நம் விரல் காரணமாகலாகாது. இறந்தவரால் தம் காட்சியை மறைக்கக் கேட்க இயலாது; அவர் கேட்கமாட்டாத அந்த உரிமையைக் காப்பதே உயிரோடிருப்போரின் பண்பாடு.

தெரியுமா?

சாலை விபத்தில் சிக்கியோர்க்கு நல்லெண்ணத்துடன் உதவுவோரைச் சட்டத் தொல்லைகளிலிருந்து காக்க, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி 134ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது.

கற்பவை கற்றபின்...

'விபத்துக் காட்சிகளை ஊடகங்கள் ஒளிபரப்பலாமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

*குறுவினா:* சேலஞ்சர் விபத்து விட்டுச்சென்ற மூவகைப் பதிவுகள் யாவை?

*சிறுவினா:* குரல்நாடாவை வெளியிட வேண்டியதில்லை என்னும் தீர்ப்பு குறித்து உம் கருத்தை எழுதுக.

*நெடுவினா:* 'பதிவைக் காத்தல் வேறு, பரப்புதல் வேறு' – பாடப்பகுதி கொண்டு நிறுவுக.