மின்கலன் எந்தப் பையில்? டிரோன் பந்தயம் வழியே ஒரு பாடம்

2018 நவம்பரில், சீனாவின் ஷென்ஜென் நகரில் டிரோன் பந்தயத்துக்கான முதல் உலகச் சாம்பியன் போட்டியை உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தியது. ஆஸ்திரேலிய அணியில் சென்ற ரூடி பிரவுனிங் சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு வயது 15. மகளிர் பிரிவில் வென்ற தாய்லாந்தின் வன்ராயா வன்னபோங்குக்கு வயது 11. இதைச் சொன்னதும் என் பத்தாம் வகுப்பு மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “நம்மள விடச் சின்னப் பொண்ணா சார்?” என்றது ஒரு குரல். அந்த ஆர்வம் தணிவதற்குள் பாடத்தைத் தொடங்கினேன். பள்ளியில் டிரோன் இல்லை. இந்தப் பாடத்துக்கு அது தேவையும் இல்லை.

செயல்பாடு 1: வரைபடமும் கடிகாரமும் (4, 5ஆம் வகுப்பு)

உலக வரைபடத்தில் சிட்னி, ஷென்ஜென், சென்னை மூன்றையும் குறிக்கச் செய்யலாம். நவம்பர் மாதத்தில் ஷென்ஜெனில் காலை 10 மணி என்றால் சிட்னியில் பிற்பகல் 1 மணி. நமக்குக் காலை 7.30. “சிட்னியிலிருந்து போன வீரர், ஷென்ஜெனில் தம் கடிகாரத்தை முன்னே நகர்த்த வேண்டுமா, பின்னே நகர்த்த வேண்டுமா?” என்று கேளுங்கள். பின்னே 3 மணி நேரம் என்பதைக் குழுவாகக் கண்டுபிடிக்கட்டும்.

செயல்பாடு 2: விழும் அளவுகோல் (6 முதல் 9 வரை)

வீரர் டிரோனைப் பார்த்து ஓட்டுவதில்லை. டிரோனின் கேமரா அனுப்பும் காட்சியைக் கண்ணில் அணிந்த திரையில் பார்த்தே ஓட்டுகிறார். ஒரு மாணவர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துச் சொல்லாமல் விட வேண்டும். கீழே விரல்களை விரித்து வைத்திருப்பவர் அதைப் பிடிக்க வேண்டும். 20 செ.மீ. விழுந்தபின் பிடித்தால் எதிர்வினை நேரம் ஏறத்தாழ 0.2 வினாடி. டிரோன் மணிக்கு 144 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் பறந்தால், அதற்குள் 8 மீட்டர் கடந்துவிடும். வகுப்பறையில் அந்த 8 மீட்டரை அளந்து பார்க்கச் சொன்னேன். சுவர் இடித்தது!

செயல்பாடு 3: பயணப் பெட்டி (10ஆம் வகுப்பு, மின்னோட்டவியல்)

வெளிநாடு செல்லும் அணிக்கு முதல் சோதனை விமான நிலையத்திலேயே தொடங்கிவிடுகிறது. லித்தியம் மின்கலன் சேதமுற்றால் தீப்பற்றும். அதனால் உதிரி மின்கலன்களைச் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கக் கூடாது. முனைகளை மூடிக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். பயணிகள் பகுதியில் தீப்பிடித்தால் உடனே கவனித்து அணைக்க முடியும் அல்லவா? பொதுவாக 100 வாட்-மணி வரை தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். எத்தனை மின்கலன்கள் என்பதற்கும் நிறுவனங்கள் வரம்பு வைத்திருக்கின்றன.

இங்கேதான் நான் சறுக்கினேன். ஒரு மாணவி கேட்டாள்: “எங்க அண்ணனோட பவர் பேங்க் 20,000 மில்லி ஆம்பியர்-மணி சார். பிளேன்ல விடுவாங்களா?” பெரிய எண்ணைக் கேட்டதும் “விட மாட்டார்கள்” என்று சொல்லிவிட்டேன். பிறகு கரும்பலகையில் கணக்கிட்டோம்.

ஆற்றல் (வாட்-மணி) = மின்னழுத்தம் (வோல்ட்) × மின்கலன் கொள்ளளவு (ஆம்பியர்-மணி)

பந்தய டிரோன் மின்கலன்: 14.8 × 1.3 = 19.24
பவர் பேங்க்: 3.7 × 20 = 74
பெரிய டிரோன் மின்கலன்: 22.2 × 5 = 111

20,000 என்று அச்சிட்ட பவர் பேங்க் தாராளமாகப் போகும். 5,000 என்று அச்சிட்ட மின்கலனுக்கோ ஒப்புதல் கேட்க வேண்டும். “நான் சொன்னது தவறு” என்று கரும்பலகையில் எழுதினேன். மில்லி ஆம்பியர்-மணி என்பது மின்னூட்டத்தின் அளவு; ஆற்றலின் அளவு அன்று. மின்னழுத்தத்தால் பெருக்கினால்தான் ஆற்றல் கிடைக்கும். சூத்திரத்தைப் பலமுறை எழுதிப் போட்ட எனக்கே அது அன்றுதான் மனத்தில் பதிந்தது.

மதிப்பீடு

வீட்டிலுள்ள கைப்பேசி மின்கலனின் எண்களைப் பார்த்து எழுதி, வாட்-மணியில் கணக்கிட்டு வரச் செய்யுங்கள். மின்கலனைக் கழற்றவோ பிரிக்கவோ கூடாது என்று முன்கூட்டியே எச்சரியுங்கள். விடையைவிட, “ஏன் மின்னழுத்தத்தால் பெருக்கினாய்?” என்ற கேள்விக்குச் சொந்தச் சொற்களில் வரும் பதிலுக்கே கூடுதல் மதிப்பெண் கொடுங்கள்.

மறுநாள் அந்த மாணவி தன் அண்ணனின் பவர் பேங்க் கணக்கைத் தாளில் எழுதி வந்து வகுப்பில் விளக்கினாள். அதுவரை அவள் வகுப்பில் எழுந்து பேசியதில்லை. ஆசிரியரின் தவறு ஒரு மாணவியைப் பேச வைக்குமானால், அந்தத் தவறை மறைக்க வேண்டியதில்லை.