மலையேறும் முன் பூஜ்ஜிய முகவரியைப் பாருங்கள்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே மிளகுத் தோட்டத்தில் வைத்த மழைமானியின் போர்டு பூட் ஆகாமல் நின்றுவிட்டால், லேப்டாப்பையும் ப்ரோகிராமரையும் தூக்கிக்கொண்டு அத்தனை வளைவையும் ஏற வேண்டும். அதனால் ஃப்ளாஷிலிருந்து பூட் ஆவதில் வரும் சிக்கலை அடிவாரத்து மேசையிலேயே தீர்த்துவிடுவதுதான் முறை. அங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது நிரலை அல்ல, முகவரியை.

எஸ்.டி.எம்.32 எஃப்103 சிப்பை எடுத்துக்கொள்வோம் (முகவரிகள் எல்லாம் ஹெக்ஸ்). ஃப்ளாஷின் சொந்த இடம் 08000000. ஆனால் ரீசெட் ஆனதும் பிராசஸர் பார்ப்பது 00000000-ஐ. பூட்0 பின் கீழ்நிலையில் இருந்தால் ஃப்ளாஷே அங்கும் தெரியும். பூட்0 மேலே, பூட்1 கீழே என்றால் ஆலையில் எழுதிய பூட்லோடர் தெரியும். டிபக்கரால் ரீசெட்டிலேயே நிறுத்தி, இரு இடங்களிலும் முதல் இரண்டு வேர்டுகளைப் படியுங்கள். முதலாவது ஸ்டாக்கின் உச்சி. 20 கேபி ரேம் என்றால் வழக்கமாக 20005000. இரண்டாவது ரீசெட் ஹேண்ட்லர்; 08-இல் தொடங்கி ஒற்றைப்படையில் முடிய வேண்டும். எல்லாம் எஃப் என்றால் அங்கே ஃப்ளாஷ் காலி. இரண்டு இடங்களும் ஒத்துப்போகவில்லை என்றால் பூட்0-ஐப் பாருங்கள். எதிலும் இணைக்காமல் விட்ட பின் உலர்ந்த மேசையில் சரியாக இருந்து, மலைமூடுபனியின் ஈரத்தில் மாறக்கூடும். 10 கிலோஓம் ரெசிஸ்டரால் கிரவுண்டுக்கு இழுத்துவிடுங்கள்.

“டிபக்கரில் ஓடுகிறதே, பிறகு எப்படி முகவரி தவறாகும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பல டிபக்கர்கள் ஸ்டாக்கையும் தொடக்க இடத்தையும் தாங்களே நிரப்பிவிடுகின்றன. பூட் செய்ய வேண்டிய வேலையை அவை செய்துவிடுவதால் பிழை மறைந்துபோகிறது.

இன்னும் ஏமாற்றுவது, சொந்த பூட்லோடர் வைத்து அப்ளிகேஷனை 08004000-இல் ஏற்றும்போது வரும் கோளாறு. மெயின் ஓடும், எல்.இ.டி. ஒருமுறை எரியும், முதல் இன்டரப்ட்டில் எல்லாம் நின்றுவிடும். காரணம், எந்த இன்டரப்ட்டுக்கு எங்கே தாவுவது என்று சொல்லும் வெக்டர் டேபிள் இன்னும் பூட்லோடருடையதே. தாவும் முன் இன்டரப்ட்டுகளையும் சிஸ்டிக்கையும் நிறுத்தி, வெக்டர் டேபிளின் இடத்தைக் குறிக்கும் வி.டி.ஓ.ஆர். ரெஜிஸ்டரில் 08004000-ஐ எழுதி, ஸ்டாக் பாயின்டரை ஏற்றி, பிறகு தாவுங்கள். அதன் பின்னும் நின்றால் அப்ளிகேஷனின் சிஸ்டம்இனிட்டைத் திறந்து பாருங்கள்: பழைய ப்ராஜெக்ட்கள் பலவற்றில் அது வி.டி.ஓ.ஆரை மீண்டும் 08000000-ஆக்கிவிடும்.

எஃப்0 வரிசையின் கார்டெக்ஸ் எம்0-இல் வி.டி.ஓ.ஆரே கிடையாது. அங்கே 48 வெக்டர்களை, அதாவது 192 பைட்டுகளை, 20000000-க்கு நகலெடுத்து, சிஸ்சிஎஃப்ஜி கிளாக்கை இயக்கி, அதிலுள்ள மெம்மோடு பிட்டுகளை 3 ஆக்கி, ரேமையே பூஜ்ஜியத்தில் காட்ட வேண்டும். லிங்கர் ஸ்கிரிப்ட்டில் அந்த 192 பைட்டை ஒதுக்காவிட்டால் ஏதோ ஒரு மாறி அதன்மேல் எழுதிவிடும். “நிரலையே பூஜ்ஜியத்துக்கு லிங்க் செய்தால் தொல்லை தீருமே” என்பார்கள். தீராது: மெம்மோடு மாறும் நொடியில், ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் காலடியில் ஃப்ளாஷ் போய் ரேம் வந்துவிடும். 08-இல் தொடங்கும் முகவரியிலேயே லிங்க் செய்யுங்கள்.

கடைசியாக டிபக்கர் கேபிளைக் கழற்றி, பேட்டரியைப் பிடுங்கிச் செருகி, டைமர் இன்டரப்ட் ஓடும்போதே இருபது முறையாவது பூட் செய்து பாருங்கள். ஒருமுறை தவறினாலும் போர்டை மேலே அனுப்ப வேண்டாம்.