கொப்புள நோயும் தன் உடலையே தாக்கும் எதிர்ப்பொருளும்

தோலில் கொப்புளம் எழும்பினால் நெருப்புப் பட்டதோ, பூச்சி கடித்ததோ, அம்மை கண்டதோ என்று ஐயுறுவது மக்கள் இயல்பு. இம்மூன்றிலும் தீங்கு வெளியிலிருந்து வருகிறது. வெளிப்பகை ஏதுமின்றி, உடலைக் காக்கவேண்டிய தடுப்பாற்றலே தோலைப் பிளந்து கொப்புளம் உண்டாக்கும் நோய்களும் உள. அவற்றுள் கொடியது பெம்பிகஸ் வல்காரிஸ் என்பது. நோயாளியைச் சுற்றத்தார் அஞ்சி ஒதுக்குவதும், நோய் இன்னதென அறியாமலே மாதங்கள் கழிவதும் இந்நோயில் அடிக்கடி நேர்வதால், களப்பணியாளரும் ஆசிரியரும் இதன் தன்மையை அறிந்திருத்தல் நலம்.

மேற்றோல் பல அடுக்கு உயிரணுக்களால் ஆனது. அடுத்தடுத்துள்ள உயிரணுக்களை டெஸ்மோசோம் எனப்படும் நுண்ணிய இணைப்புகள் பிணைக்கின்றன. அவ்விணைப்புகளில் ஒன்றையொன்று பற்றிநிற்கும் கைகளைப் போன்றவை டெஸ்மோக்ளின் என்னும் புரதங்கள். இதனை வகுப்பில் விளக்க விரும்பும் ஆசிரியர், மாணவர்களைக் கைகோத்து வரிசையாக நிற்கச் செய்யலாம். கைகள் நழுவினால் எவருக்கும் காயமில்லை. ஆயினும் வரிசை குலைந்துவிடும். பெம்பிகஸிலும் உயிரணுக்கள் முதலில் மடிவதில்லை. பிடி தளர்ந்து பிரிகின்றன. பிரிந்த இடைவெளியில் நீர் சேர்கிறது. அதுவே கொப்புளம்.

பிடியைத் தளர்த்துவது எது? 1964ஆம் ஆண்டில் பியூட்னர், ஜோர்டன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், நோயாளிகளின் குருதித் தெளிநீரில் தோலைப் பற்றும் எதிர்ப்பொருள் உலவுவதை ஒளிரும் சாயத்தின் துணையால் கண்டறிந்தனர். உயிரணுக்களின் எல்லைகள் வலைபோல் ஒளிர்ந்தன. ஆயினும் அந்த எதிர்ப்பொருள் நோய்க்குக் காரணமா, அன்றி நோயின் விளைவா என்னும் வினா எஞ்சி நின்றது. 1982இல் நோயாளிகளின் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துப் பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றின் தோலிலும் கொப்புளங்கள் தோன்றின. மனிதரிடத்தும் இதற்குச் சான்றுண்டு. நோயுற்ற தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே கருவை அடைவதால், சிசு சில வேளைகளில் கொப்புளங்களுடன் பிறக்கிறது. குழந்தையின் உடல் அவ்வெதிர்ப்பொருளைத் தானே உற்பத்தி செய்வதில்லை. ஆகவே சில வாரங்களில் அது தேய்ந்து மறைய, குழந்தையும் குணமடைகிறது.

இனி, இந்நோய் பெரும்பாலும் வாயில் தொடங்குவது ஏன் என்பதை நோக்குவோம். டெஸ்மோக்ளின்களுள் 1, 3 என்னும் இரண்டு இங்கு முக்கியமானவை. தோலில் இரண்டும் உண்டு; வாயின் உட்சவ்விலோ 3 மிகுதி, 1 சொற்பம். எதிர்ப்பொருள் 3ஐ மட்டும் முடக்கும் நிலையில், தோலில் 1 அதற்கு ஈடுசெய்து பிடித்துக்கொள்கிறது. வாயில் ஈடுசெய்வார் இல்லை. ஆதலால் வாய்ப்புண் முந்துகிறது. 1ஐயும் தாக்கும் எதிர்ப்பொருள் பின்னர் தோன்றினால் தோலும் பிளவுறுகிறது. 1ஐ மட்டும் தாக்கும் பெம்பிகஸ் போலியேஸியஸ் என்னும் வகையில் தோலின் மேலடுக்குகளே உரிகின்றன, வாய் தப்பிவிடுகிறது. எந்தப் புரதம் தாக்கப்பட்டது என்பதைப் புண்ணின் இடமே ஒருவாறு காட்டிவிடுவது வியப்பிற்குரியது!

முதியோரிடம் மிகுதியாகக் காணும் பெம்பிகாய்டு என்னும் நோயை லீவர் 1953இல் இதனின்று வேறு பிரித்துக் காட்டினார். அதில் எதிர்ப்பொருள் மேற்றோலையும் அடித்தோலையும் இணைக்கும் தளத்தைத் தாக்குகிறது; குருதியின் நிரப்புப் புரதங்களும் வெள்ளணுக்களும் அங்குக் கூடி அழிவை விளைக்கின்றன. பிளவு ஆழத்தில் நிகழ்வதால் கொப்புளம் தடித்த மேல்மூடியுடன் விம்மி நிற்கும். பெம்பிகஸ் கொப்புளமோ தொய்ந்து எளிதில் உடையும். அதனால் கொப்புளத்தைக் காட்டிலும் தோலுரிந்த புண்ணே கண்ணிற்படும்.

இவ்விரு நோய்களும் தொற்றுவன அல்ல. உடன் உண்பதாலோ, தொட்டுப் பணிவிடை செய்வதாலோ பிறர்க்கு வாரா. பெம்பிகஸ் கண்டோரில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் இறந்துபோன நிலையை மாற்றியவை 1950களில் வந்த கார்ட்டிசோன் இன மருந்துகளே. பின்னர் 1984இல் புது டில்லியின் பஸ்ரிச்சாவும் ராம்ஜி குப்தாவும் டெக்ஸாமெதஸோன், சைக்ளோபாஸ்பமைடு ஆகிய மருந்துகளை 28 நாட்களுக்கொரு முறை பெரும் அளவில் சிரைவழி செலுத்தும் முறையை வெளியிட்டனர். எதிர்ப்பொருள் உற்பத்திக்கு மூலமான பி அணுக்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்துக்கு 2018இல் அமெரிக்க அரசு இந்நோய்க்கென ஒப்புதல் அளித்தது. இவை யாவும் தடுப்பாற்றலையே அடக்குவன. ஆகவே சிகிச்சை பெறுவோருக்குக் காய்ச்சல் கண்டால் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். புண் ஆறிற்றென்று மாத்திரையைத் தாமாகவே திடீரென நிறுத்துவது ஆபத்தானது.

வாய்ப்புண் மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாதிருப்பின், வைட்டமின் குறைவு என்று மாத்திரை கொடுத்துக் காத்திராமல் தோல்நோய்ப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு அனுப்புக. சோதனைக்கு வேண்டிய தோல்துண்டு புதிய கொப்புளத்தின் விளிம்பிலிருந்து எடுக்கப்படுவதால், எழும்பிய கொப்புளத்தைக் குத்தி உடைக்காமலும், பொடியோ பச்சிலையோ அப்பாமலும் அவரை அனுப்புதல் வேண்டும்.