முதல் லோடு வண்டி வாங்கும் முன் ஒரு நாற்பது பக்க நோட்டு

எங்கள் அண்ணன் முதல் லோடு வண்டியை ஒரு ஆயுதபூஜையன்று டெலிவரி எடுத்தார். ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் சுற்றுப்பட்டுத் தோட்டங்களிலிருந்து காய் ஏற்றிப் போவது அவர் தொழில். முன்பணம் குறைவு, தங்கக்காசு இலவசம் என்று ஷோரூமில் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். முக்கால் டன் இழுக்கும் வண்டி அது. சின்ன வெங்காய சீசனில் அதில் ஒன்றேகால் டன் ஏற்றினார். ஏற்றாவிட்டால் வாடகை கட்டாது. ஆறாவது மாதம் பின் ஸ்பிரிங் பட்டை முறிந்தது, எட்டாவது மாதம் எடைமேடையில் அபராதம், இரண்டாம் வருடம் வண்டியை நட்டத்துக்கு விற்றார். வண்டியில் ஒரு குறையும் இல்லை. அது செய்ய வேண்டிய வேலை அதுவல்ல, அவ்வளவுதான்.

இரண்டாவது வண்டி வாங்கும்போது கூட நின்றவன் நான். அப்போது கற்றதை வரிசையாக எழுதுகிறேன். லோடு வண்டி வீட்டுக் காரைப் போல நிறத்துக்கும் அழகுக்கும் வாங்குவதல்ல. மாதா மாதம் டியூ கட்டிக்கொண்டே வீட்டுக்கும் சோறு போட வேண்டியது.

முதலில் நோட்டு

ஷோரூம் வாசலை மிதிக்கும் முன் ஒரு மாதம் நோட்டு எழுதுங்கள். வாடகை வண்டியில் சரக்கு அனுப்புகிறவர் என்றால் ஒவ்வொரு நடைக்கும் ஐந்து விஷயம் குறித்தால் போதும்: என்ன சரக்கு, எத்தனை கிலோ, தொட்டியில் எவ்வளவு இடம் பிடித்தது, போக வர எத்தனை கிலோமீட்டர், திரும்பும்போது லோடா எம்ப்டியா. புதிதாகத் தொழிலில் இறங்குபவர், வண்டி ஸ்டாண்டில் நிற்கும் டிரைவர் ஒருவரோடு பத்து நாள் கூடப் போய் வாருங்கள். அவருடைய பேட்டாவோடு ஒரு சாப்பாட்டுச் செலவையும் நீங்கள் ஏற்றுக்கொண்டால் யாரும் மறுப்பதில்லை.

அண்ணனின் நோட்டைப் பார்த்தபோது எங்களுக்கே ஆச்சரியம். வருடத்தில் மூன்று மாதம்தான் வெங்காயம். மீதி நாளெல்லாம் தக்காளிப் பெட்டியும் முருங்கைக்காயும். முருங்கைக் கட்டு எடையே இல்லாமல் தொட்டியை நிரப்பிவிடும். வெங்காயம் தொட்டியில் பாதிகூட நிரம்பாது, அதற்குள் எடை முடிந்துவிடும். திருப்பூரில் பனியன் பண்டல் ஏற்றுபவருக்கு வேண்டியது நீளமும் உயரமும். சிவகாசியில் காகிதக் கட்டு ஏற்றுபவருக்கு வேண்டியது எடை தாங்கும் முதுகு. உங்கள் சரக்கு எந்தப் பக்கம் என்று நோட்டு சொல்லிவிடும். அதைத் தெரிந்துகொள்ளாமல் விலையைக் கேட்பதில் பயனில்லை.

எடைக் கணக்கு

விளம்பரத்தில் போடும் எடை அப்படியே உங்களுக்குக் கிடைக்காது. ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எண் இருக்கும்: வண்டியின் காலி எடை, லோடோடு சேர்ந்த மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குள்தான் டிரைவரும் அடக்கம். ஒன்றேகால் டன், அதாவது 1,250 கிலோ என்று விற்கும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் 70 கிலோ, கூட ஒருவர் 65, நீங்கள் கட்டும் கம்பிக் கூண்டு 90, தார்ப்பாய், கயிறு, சாமான்கள் 25. ஆக 250 கிலோ கழிந்தது. சரக்குக்கு மிஞ்சுவது ஒரு டன். இந்தக் கழிவைப் போடாமல் வாங்குபவர்தான் முதல் நாளிலிருந்தே ஓவர்லோடு அடிக்கிறார்.

2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் ஓவர்லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. ஒரு தடவை மாட்டினால் ஒரு மாத டியூவுக்கு மேல் போய்விடும். பணத்தைவிட எனக்குப் பயம் பிரேக்கைப் பற்றித்தான். அளவுக்கு மேல் ஏற்றிய வண்டி இறக்கத்தில் நிற்காது. எதிரே வருபவருக்கு நம் வாடகைக் கணக்கு தெரியாது.

நோட்டில் உள்ள நாட்களில் பத்தில் எட்டு நாளுக்குப் பொருந்தும் வண்டியே உங்கள் வண்டி. மீதி இரண்டு நாள் பெரிய லோடு வந்தால் வெளியே வாடகைக்குப் பிடியுங்கள். அந்த இரண்டு நாளுக்காகப் பெரிய வண்டி வாங்கினால் வருடம் முழுக்க அதன் டீசலையும் டியூவையும் சுமக்க வேண்டியிருக்கும்.

எந்த வகை

நம் ஊர்ச் சந்தையில் சிறு லோடு வண்டிகளை இரண்டு படியாகப் பிரிக்கலாம். கீழ்ப்படியில் முக்கால் டன் வண்டிகள். 2005-இல் டாடா ஏஸ் வந்ததும் 'குட்டியானை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்று வேறு கம்பெனி வண்டி வந்து நின்றாலும் குட்டியானை என்றே கூப்பிடுகிறோம். மாருதி சூப்பர் கேரியும் இந்த வகைதான். தொட்டி ஏறக்குறைய ஏழடி. தெருவுக்குள் புகுந்து ஒரே வெட்டில் திரும்பும். ஏஸின் திருப்பு ஆரம் 4.3 மீட்டர்தான். தண்ணீர் கேன், மளிகை, வீட்டுச் சாமான், ஊருக்குள் சில்லறை நடை ஆகியவற்றுக்கு இதைவிட வேறு வேண்டாம்.

மேல்படியில் ஒன்றேகால் டன்னிலிருந்து இரண்டு டன் வரை இழுக்கும் பிக்கப் வண்டிகள். அசோக் லேலண்டு 2011-இல் கொண்டுவந்த தோஸ்த், மஹிந்திராவின் பொலேரோ பிக்கப், டாடாவின் இன்ட்ரா எல்லாம் இதில் சேரும். தொட்டி எட்டடியும் அதற்கு மேலும். தோட்டத்துச் சேற்றிலும் மலைப் பாதையிலும் இவைதான் தாக்குப்பிடிக்கும். கொடைக்கானல் கீழ்மலைக்கோ எழுபது கொண்டைஊசி வளைவுள்ள கொல்லிமலைக்கோ வாரத்தில் நாலு நடை போகிறவர் கீழ்ப்படி வண்டியைப் பார்க்கவே வேண்டாம். முதல் கியரில் இன்ஜினைக் கதறவிட்டு ஏற்றிக்கொண்டே இருந்தால் கிளட்சுக்கு ஆயுள் குறைவு.

டீசலா, பெட்ரோலா, கேஸா, பேட்டரியா

முன்பு கேள்வியே இல்லை, டீசல்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. இப்போதைய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. வண்டி நல்ல சூட்டில் தொடர்ந்து ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து வெளியேறும். இரண்டு கிலோமீட்டர் ஓடி நிறுத்தி, மறுபடி இரண்டு கிலோமீட்டர் ஓடும் கடைத்தெரு வேலைக்கு அது ஒத்துவராது. வடிகட்டி அடைத்து விளக்கு எரியும், சர்வீஸுக்கு அலைய வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆகவே நீள ஓட்டத்துக்கும் கனத்த லோடுக்கும் டீசல், சின்ன நடைக்குப் பெட்ரோல் என்பது என் முடிவு.

சி.என்.ஜி.யில் கிலோமீட்டருக்கான செலவு குறைகிறது. சிலிண்டரின் எடை லோடிலிருந்து கழிகிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. சூப்பர் கேரியில் பெட்ரோல் வண்டி 740 கிலோ ஏற்றும், சி.என்.ஜி. வண்டி 625 கிலோதான். உங்கள் பாதையில் பங்க் எங்கே, காலையில் அங்கே வரிசை எவ்வளவு நீளம் என்று நீங்களே இரண்டு நாள் போய்ப் பாருங்கள். பேட்டரி வண்டி, இரவில் சொந்த இடத்தில் சார்ஜ் போட வசதி இருந்து, தினமும் ஒரே பாதையில், ஊருக்குள் குறைந்த தூரம் ஓடுபவருக்கு நல்லது. தோட்டத்துக்கும் சந்தைக்கும் நேரம் காலம் இல்லாமல் ஓடுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

லோடு ஏற்றி ஓட்டிப் பாருங்கள்

காலி வண்டியை ஷோரூம் வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. டெமோ வண்டியை உங்கள் இடத்துக்கே வரச் சொல்லி, வழக்கமான சரக்கை ஏற்றி, வழக்கமான மேட்டில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். அதற்குத் தயங்கினால் அதே மாடலை வைத்திருக்கும் உள்ளூர்க்காரரை ஒரு நாள் வாடகைக்கு அமர்த்துங்கள். போகும் வழியில் அவரிடம் மூன்று கேள்வி: லோடோடு லிட்டருக்கு எத்தனை கொடுக்கிறது, கடைசியாக வண்டி எதற்காகப் படுத்தது, உதிரிபாகம் வர எத்தனை நாள் ஆனது. மூன்றாவது பதில்தான் முக்கியம். படுத்த வண்டிக்கும் டியூ உண்டு.

உங்கள் ஊர் மெக்கானிக்கிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் கை வைக்கத் தெரிந்த வண்டி என்றால் வாரண்டி முடிந்த பிறகு உங்களுக்குப் பாதி பாரம் குறைந்தது.

பணம்

மூன்று ஷோரூமில் ஆன்-ரோடு கொட்டேஷனை எழுத்தில் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு முன் வாங்கிய நண்பரின் விலையை வைத்துப் பேரம் பேசாதீர்கள்.

பைனான்ஸில் நிதானம் வேண்டும். "எட்டு பர்சென்ட்தான்" என்று சொன்னால், பிளாட்டா குறையும் வட்டியா என்று உடனே கேளுங்கள். 6 லட்சம் கடன், 4 வருடம், 8 சதவீதம் பிளாட் என்றால் வட்டி 1,92,000. மாதம் 16,500 ரூபாய் டியூ. பாக்கி குறையக் குறைய வட்டியும் குறைகிற முறையில் கணக்கிட்டால் இது 14 சதவீதத்துக்கு மேல். அந்த முறையில் உண்மையிலேயே 10 சதவீதத்துக்குக் கொடுக்கும் வங்கியில் டியூ சுமார் 15,200தான் வரும். எட்டைவிடப் பத்து மலிவாகிற இடம் இது. எத்தனையோ பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள், எனக்கு மனது ஆறுவதில்லை.

16,500 ரூபாய் டியூவை மாதம் ஓடும் 25 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 660. இதன் மேல் டீசல், பேட்டா, டயருக்கு ஒதுக்குவது, இன்சூரன்ஸ், எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எல்லாம் சேர்த்து, நோட்டில் உள்ள வாடகை வரவோடு ஒப்பிடுங்கள். மழைக்காலத்து வரவை வைத்துப் பாருங்கள். சீசன் வரவை வைத்துப் பார்த்தால் எந்த வண்டியும் கட்டுபடியாவது போலத் தெரியும். கைக்கு மிஞ்சவில்லை என்றால் முன்பணத்தைக் கூட்டுங்கள், அல்லது ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள்.

காகிதங்கள்

கார் ஓட்டும் லைசென்ஸ் போதுமா என்று இன்னும் பலருக்குச் சந்தேகம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு 1988 சட்டப்படி பர்மிட் தேவையில்லை. தாண்டினால் வேண்டும். இரண்டு மாடலுக்கு நடுவே ஊசலாடுகிறீர்கள் என்றால் இந்த எல்லையையும் பாருங்கள். எஃப்.சி. புது வண்டிக்கு இரண்டு வருடம். பிறகு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வருடா வருடம்.

இன்சூரன்ஸில் 'ஐ.எம்.டி. 23' சேர்க்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் லாரி, டெம்போ வகை வண்டிகளில் ஹெட்லைட், பம்பர், மட்கார்டு, டயர் மட்டும் அடிபட்டால் பணம் வராது. அன்றாடம் அடிபடுவது அவைதானே. கூண்டு கட்டிய செலவையும் வண்டி மதிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். டிரைவர், கிளீனருக்கான பொறுப்புக் காப்பீட்டையும் விடாதீர்கள். தோட்டத்து ஆட்களைச் சரக்கின் மேல் உட்காரவைத்துக் கூட்டிவருவது நம் பக்கம் வழக்கம். அவர்களுக்கு இந்தக் காப்பீடு கைகொடுக்காது. களை எடுத்துவிட்டு வீடு திரும்பும் பெண்கள் அவர்கள். பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்புங்கள்.

டெலிவரி நாள்

நல்ல நேரம் பார்ப்பவர்கள் அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். மாலையும் எலுமிச்சையும் காத்திருக்கட்டும். சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் பில்லோடு சரிபார்த்து, வண்டி தயாரான மாதத்தையும் எழுதி வாங்குங்கள். பல மாதம் வெயிலில் கிடந்த வண்டி என்றால் தள்ளுபடி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பானர் கையில் எடுத்துப் பாருங்கள். வண்டிக்கு அடியில் குனிந்து எண்ணெய்க் கசிவு பாருங்கள். தொட்டிக் கதவின் கொக்கிகளை ஐந்தாறு தடவை போட்டுக் கழற்றுங்கள்.

முதல் சில நடைகளுக்குப் பாதி லோடு போதும். முதல் முழு லோடு இறக்கிய அன்று மாலை, சக்கர நட்டுகளையும் ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளையும் மெக்கானிக்கிடம் காட்டி ஒரு முறை இறுக்கிக்கொள்ளுங்கள். அண்ணன் அதைச் செய்துவிட்டுத்தான் அன்று சாப்பிட உட்கார்ந்தார்.