தட்டிக்கழித்தல்

எங்கள் ஊரின் பெயரே சொல்லாராய்ச்சிக்கு இடமாவது. முதுகுன்றம் என்னும் பழந்தமிழ்ப் பெயர் வடமொழியில் விருத்தாசலமாயிற்று. அவ்வூர்ப் பீங்கான் சூளையருகே கேட்ட ஓர் ஓசை, மற்றொரு சொல்லை ஆராயுமாறு என்னைத் தூண்டிற்று. அச்சொல் 'தட்டிக்கழித்தல்' என்பது.

'தட்டி' என்பது வினையெச்சம். தட்டுதல் என்பது கையால் அடித்தலையும், ஏவலை மறுத்தலையும் குறிக்கும். 'சொல்லைத் தட்டாத பிள்ளை' என்னும் வழக்கு பின்னதைக் காட்டும். 'கழிதல்' தன்வினை, 'கழித்தல்' பிறவினை. காலம் தானே கழியும். கடமையோ தானே கழியாது, ஒருவன் முயன்றே அதனைக் கழித்தல் வேண்டும்.

ஆதலின் இச்சொல் சோம்பலின் வேறாம். வள்ளுவர் மடியின்மை அதிகாரத்திற் கடிந்த மடி, முயற்சியை முடக்குவது. தட்டிக்கழிப்பவனோ சாக்குத் தேடுவதில் முயற்சியுடையவன். 'வேலைக்கள்ளிக்குப் பிள்ளைமேல் சாக்கு' என்னும் பழமொழி இதனையே எள்ளுகின்றது.

மறுத்தலினும் இது வேறு. மறுப்பவன் 'செய்யேன்' என்பான். கேட்டவர் பிறரை நாடலாம். தட்டிக்கழிப்பவன் 'பார்க்கலாம்' என்று அவரை வாயிலில் நிறுத்திவைப்பான். திராட்சத்தோட்டத்திற்குப் போகிறேனென்று தந்தைக்குச் சொல்லிப் போகாதிருந்த மகனைப்பற்றி மத்தேயு 21-ஆம் அதிகாரத்தில் வரும் உவமை இதற்குத் தக்க சான்று.

சென்ற ஆண்டு, பீங்கான் வேலை செய்யும் அண்டைவீட்டுப் பெரியவர், தம் பெயர்த்தியின் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதித்தருமாறு என்னை வேண்டினார். 'நாளை எழுதித்தருகிறேன், ஐயா' என்று மும்முறை சொன்னேன். நான்காம் முறை அவர் வந்தபோது கெடுநாள் கடந்திருந்தது. அவர் என்னைக் கடிந்தாரில்லை. 'படிக்கிற தம்பிக்கு வேலை அதிகம்' என்று தாமே எனக்கொரு சாக்குக் கூறிச் சென்றார்.

பின்னொரு நாள் அவர் பணியிடம் சென்றேன். வெந்த பீங்கான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிச் செவிகொடுத்தார். கணீரென்றது தேறிற்று. மந்தமாய் ஒலித்ததில் கண்ணுக்குப் புலப்படாத விரிசல் இருந்தமையின், அதனைக் கழித்தார். மின்கம்பி தாங்கும் பீங்கானில் விரிசலிருப்பின் கேடு விளையுமன்றோ? அங்கும் தட்டுதலும் கழித்தலுமே நிகழ்ந்தன. ஆயின் அதுவே அவர் கடமை.

அவர் பீங்கானைத் தட்டினார். நான் அவர் சொல்லைத் தட்டினேன். அவர் கழித்தது விரிசலுற்ற கலத்தை; நான் கழித்ததோ ஒரு பெண்ணின் ஓராண்டை.

இவ்வாண்டு அறிவிப்பு வந்த அன்றே விண்ணப்பத்தை எழுதி, அவர் வீட்டிற்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.