ஸ்கோப்பில் எண் பெரிதானால் குறி தப்பாதா?

துப்பாக்கியைத் தொட்டே பார்த்திராத பையன்கள்கூட இன்று ‘4 எக்ஸ்’, ‘8 எக்ஸ்’ என்று சரளமாகப் பேசுகிறார்கள். உபயம் பப்ஜி விளையாட்டு. அங்கே 8 எக்ஸ் கிடைத்தவன் ராஜா. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கதவடைத்துவிட்டதால் அந்த நம்பிக்கையைக் காட்டில் சோதித்துப் பார்க்க வழியில்லை, நல்லதுதான். ஆனால் உரிமம் பெற்று மானும் காட்டுப்பன்றியும் வேட்டையாடுகிற அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும்கூட, முதல் ஸ்கோப் வாங்கப் போகிறவர்களில் பலர் இதே கணக்கோடுதான் கடைக்குள் நுழைகிறார்கள்.

“உருப்பெருக்கம் கூடினால் குறி தப்பாது”

ஸ்கோப் இலக்கை மட்டும் பெரிதாக்குவதில்லை. கை நடுக்கம், மூச்சின் ஏற்ற இறக்கம், வெயிலில் தரையிலிருந்து எழும் கானல் அலை எல்லாமே சேர்ந்து பெரிதாகும். கூடவே பார்வைப் பரப்பு சுருங்கும். அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் 3-9×40 ஸ்கோப்பை (3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும், முன் லென்ஸ் 40 மி.மீ.) 3-இல் வைத்தால் 100 மீட்டர் தூரத்தில் சுமார் 10 மீட்டர் அகலம் தெரியும். 9-இல் வைத்தால் அது 4 மீட்டர் அளவுக்கு வந்துவிடும். அடர்ந்த காட்டில் மான் குறுக்கே ஓடும்போது 9-இல் கண்ணை வைத்தவருக்கு மரப்பட்டைதான் தெரியும். ஜெர்மனியில் பன்றிகளைக் கலைத்து ஓடவிடும் வேட்டைக்கு 1-இல் தொடங்கும் ஸ்கோப்பைத் தேடி வாங்குகிறார்கள். விளையாட்டில் யாரும் சீண்டாத எண் அது.

“முன் லென்ஸ் பெரிதாக இருந்தால் இருட்டிலும் பளிச்சென்று தெரியும்”

பாதி உண்மை என்பதால்தான் இந்த நம்பிக்கை சாகாமல் இருக்கிறது. எந்த ஸ்கோப்பும் வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிடக் காட்சியைப் பிரகாசமாக்காது. உருவத்தைப் பெரிதாக்குவதால் விவரம் பிடிபடுகிறது, அவ்வளவே. முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40 மி.மீ. லென்ஸ் 9-இல் சுமார் 4.4 மி.மீ. தரும், அதையே 6-க்குத் திருகினால் 6.7. மனிதனின் கண்மணி இளமையில், இருட்டில், சுமார் 7 மி.மீ. வரை விரியும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் 5 மி.மீ.தான். அதற்கு மேல் வரும் ஒளி, சிறுவாய்ப் புட்டியில் குடத்தைக் கவிழ்த்தது மாதிரி வெளியே வழிந்துவிடும். அறுபது வயதுக்காரர் 56 மி.மீ. லென்ஸுக்குக் கூடுதல் விலை கொடுக்கும்முன் தன் கண்ணின் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

அப்படியானால் ஜெர்மானியர்கள் ஏன் 8×56 ஸ்கோப்பை இத்தனை காலம் கொண்டாடினார்கள்? விடை அவர்கள் சட்டத்தில் இருக்கிறது. அங்கே ‘இரவு’ என்பது அஸ்தமனத்துக்கு ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் தொடங்குகிறது. காட்டுப்பன்றிக்கு அந்த வரம்பும் இல்லை. உயரமான பரணில் அமர்ந்து நிலவொளியில் பன்றிக்காகக் காத்திருப்பவருக்கு 56-ஐ 8-ஆல் வகுத்தால் வரும் 7 மி.மீ. கச்சிதமாகப் பொருந்துகிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அஸ்தமனமாகி அரை மணி நேரத்தில் மான் வேட்டையை நிறுத்திவிட வேண்டும். அந்த வெளிச்சத்துக்கு 40 மி.மீ. தாராளம். பெரிய லென்ஸ் போட்டால் எடை கூடும். குழலில் இடிக்காமலிருக்க ஸ்கோப்பை உயர்த்திப் பொருத்த வேண்டியிருக்கும். உயர்த்தினால் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் சரியாகப் படியாது.

லென்ஸின் அளவைவிட அதன் மேல்பூச்சுதான் பணம் கொடுக்கத் தகுந்த சமாச்சாரம். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பிவிடும். பத்துப் பரப்புகளைத் தாண்டுவதற்குள் மூன்றில் ஒரு பங்கு காலி. ஜெர்மனியின் யேனா நகரில் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935-இல் எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சைக் கண்டுபிடித்தார். இன்று நல்ல ஸ்கோப்புகள் 90 சதவீதத்துக்குக் குறையாமல் ஒளியைக் கடத்துவது அந்த வழியில் வந்த முன்னேற்றம்.

“30 மி.மீ. குழாய் என்றால் வெளிச்சம் அதிகம்”

இல்லை. ஸ்கோப்பின் உடலான குழாய் ஓர் அங்குலமாக இருப்பதைவிட 30 மி.மீ.யாக இருந்தால் குறியை மேலும் கீழும் நகர்த்த இடம் கூடுதல், உறுதியும் கூடுதல். வெளிச்சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

“ஸ்கோப் இருக்கும்போது பைனாகுலர் எதற்கு?”

மற்ற நம்பிக்கைகள் காசைத்தான் வீணாக்கும்; இது ஆளைக் கொல்லும். ஸ்கோப் வழியாக எதைப் பார்த்தாலும் துப்பாக்கியின் வாய் அதன் மேல்தான் நிற்கும். புதருக்குப் பின்னால் அசைவது மானா, இன்னொரு வேட்டைக்காரரா, நாயோடு உலாவ வந்தவரா என்று தெரிந்துகொள்ள முதலில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அவர்மேல் நீட்டுவது எந்த ஊர் நியாயம்? பார்ப்பதற்குப் பைனாகுலர், சுடுவதற்கு ஸ்கோப் என்பது அமெரிக்க வேட்டைப் பயிற்சி வகுப்புகளின் பாலபாடம். பட்ஜெட் இடித்தால் ஸ்கோப்பில் குறைத்தாவது பைனாகுலர் வாங்கலாம்.

“கடையிலேயே குறியைச் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள்”

கடையில் செய்வது தோராயமான நேர்ப்படுத்தல். முதல் குண்டு இலக்குத் தாளில் எங்காவது படும் என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம். ஸ்கோப் குழலுக்கு நாலைந்து செ.மீ. மேலே இருக்கிறது, குண்டோ வளைந்து விழுகிறது. 100 மீட்டருக்குச் சரிசெய்த .308 வின்செஸ்டர் துப்பாக்கியின் குண்டு 300 மீட்டரில் குறியைவிட ஏறத்தாழ அரை மீட்டர் தாழ்ந்துவிடும். அதை ஈடுகட்டக் குறுக்குக்கோட்டுக்குக் கீழே சிறு கோடுகள் போட்ட ஸ்கோப்புகள் உண்டு. ஆனால் உருப்பெருக்கத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் கோடுகள் ஒரே அளவில் தெரிகிற வகையில், அவை ஒரேயொரு உருப்பெருக்கத்தில்தான் சரியாக இருக்கும்; பெரும்பாலும் உச்ச எண்ணில். 9-க்கான கோட்டை 5-இல் வைத்துக்கொண்டு நம்பிச் சுட்டால் குண்டு வேறெங்கோ போகும்.

ஐரோப்பிய ஸ்கோப்புகளில் திருகின் ஒரு சொடுக்குக்கு 100 மீட்டரில் 1 செ.மீ. நகரும், அமெரிக்க வகையில் பெரும்பாலும் 7 மி.மீ. வாங்கும்போதே எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டாவின் எடையையோ தயாரிப்பையோ மாற்றினால், சீசன் தொடங்கும்முன் மறுபடியும் தாளில் சுட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.