வலி வந்த பிறகா சோதனை?

கருப்பை வாய்ப் புற்றுநோயைப் புற்றாகும் முன்பே கண்டுபிடித்துத் தடுத்துவிடலாம். ஆனாலும் நம் பெண்கள் பலர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள். அவர்களைத் தயங்க வைக்கும் நம்பிக்கைகள் சில:

நம்பிக்கை: உடம்புக்கு ஒன்றுமில்லை, பிறகெதற்குச் சோதனை?

உண்மை: ஒன்றுமில்லாதபோது செய்யத்தான் இந்தச் சோதனையே. எச்.பி.வி. வைரஸ்தான் இந்நோய்க்குக் காரணம் என்று கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தத் தொற்று பெரும்பாலும் தானாகவே போய்விடும். போகாமல் தங்கிவிட்டால், அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில் வலியே தெரியாது.

நம்பிக்கை: பெரிய மருத்துவமனையும் விலையுயர்ந்த இயந்திரமும் வேண்டும்.

உண்மை: திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் நடந்த ஆய்வு இதைப் பொய்யாக்கியது. வினிகரில் உள்ள அதே அசிட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து, பஞ்சில் தொட்டுக் கருப்பை வாயில் தடவினார்கள், பயிற்சி பெற்ற செவிலியர்கள். ஒரு நிமிடம் பொறுத்து விளக்கொளியில் பார்த்தால், மாறத் தொடங்கிய இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அழைக்கப்பட்ட சுமார் 49 ஆயிரம் பெண்களில் 31 ஆயிரம் பேர்தான் வந்தார்கள். அப்படியும், சோதனைக்கு அழைக்காத கிராமங்களைவிட இந்நோயால் நேர்ந்த மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன. 2007இல் வெளியான முடிவு இது.

நம்பிக்கை: திட்டு தெரிந்தால் புற்றுநோய்தான், கருப்பையை எடுத்துவிடுவார்கள்.

உண்மை: வெள்ளைத் திட்டு எல்லாமே புற்று அல்ல. மேற்கொண்டு பார்த்துத்தான் உறுதிசெய்வார்கள். முன்நிலை மாற்றமாக இருந்தால் பலருக்கு அந்த இடத்தை மட்டும் உறையவைத்து அழித்தால் போதும். அன்றே வீடு திரும்பலாம்.

நம்பிக்கை: முன்கூட்டியே கண்டுபிடித்தால் எந்தப் புற்றுநோயிலும் உயிர் பிழைக்கலாம்.

உண்மை: பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களிடம் சினைப்பைப் புற்றுநோய்க்கான சோதனையை ஆராய்ந்தார்கள். ஒரு முறையில் சிலருக்கு நோய் முன்னதாகவே தெரிந்தது. ஆனால் மரணங்கள் குறையவில்லை என்று 2021இல் தெரியவந்தது. எந்தச் சோதனை உயிரைக் காக்கும், எது வீண் அலைச்சல் என்பதை இத்தகைய நீண்ட ஆய்வுகளே பிரித்துச் சொல்லும். அதனால்தான் அவற்றுக்குத் தொடர்ந்து நிதியும் ஆதரவும் தேவை.

கருப்பை வாய்க்கான சோதனை அந்தத் தேர்வில் வென்றது. 30 வயதைக் கடந்த பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மாதவிடாய் நின்ற பிறகோ உடலுறவுக்குப் பிறகோ ரத்தம் பட்டால், தள்ளிப்போடாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.